ஹன்னாவுக்குத் தெரியுமா, தெரியாதா?

கோத்தகிரி ஆசிரியை:
‘ஹன்னா அண்ட் ஹெர் சிஸ்டர்ஸ்’ (1986) படத்தைப் பற்றிக் குன்னூர் நண்பர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. ஹன்னாவின் கணவன் எலியட் அவள் தங்கை லீயிடம் போனதற்கு, யாரிடமும் எதையும் எதிர்பார்க்காமல் வாழ்ந்த ஹன்னாவே காரணம் என்றும், நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாததால் குடும்பம் தப்பித்தது என்றும் எழுதியிருக்கிறார். அவளுக்குத் தெரியும். ‘வேறு யாரையாவது விரும்புகிறாயா’ என்று கணவனிடம் நேருக்கு நேராகவே கேட்கிறாள். ஒன்றும் அறியாதவள் அப்படிக் கேட்பாளா?

குன்னூர்த் திரைநேசன்:
டீச்சர், சந்தேகப்படுவது வேறு, தெரிந்திருப்பது வேறு. அவன் இல்லை என்று சொல்லிவிடுகிறான். படம் முடியும்வரை லீயின் பெயரை யாரும் அவளிடம் சொல்வதில்லை. இவ்வளவு கொடுத்துவிட்டுத் தனக்கென்று ஒன்றும் கேட்காதவளோடு வாழ்வது கடினம் என்று எலியட்டே அவளிடம் சொல்கிறான். அதைத்தான் நான் எழுதினேன்.

கோத்தகிரி ஆசிரியை:
அதற்கு அவள் சொன்ன பதிலை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? தனக்கும் பெரிய தேவைகள் இருக்கின்றன என்கிறாள். அவை தன் கண்ணில் படவில்லை என்கிறான் அவன். அவன் பார்க்காதது அவள் குற்றமா? பொங்கலுக்கு அத்தனை பேரும் மலையேறி வந்து சேரும்போது, விடியற்காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகராமல் எல்லோருக்கும் பரிமாறுகிற மூத்த அக்காவை, ‘அவளுக்கு என்ன குறை’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். இன்னொரு தங்கை ஹாலி எழுதிய கதையில் தன் தாம்பத்தியத்தின் அந்தரங்கம் இருப்பதைக் கண்டு துடித்துப்போகிற ஹன்னா, நம்மைப் பற்றி ஹாலியிடமோ லீயிடமோ பேசினாயா என்று எலியட்டிடம் கேட்கிறாள். லீயின் பெயர் அவள் வாயிலிருந்தே வருகிறது. அவளுக்குத் தெரியும்.

கூடலூர் வாசகன்:
இது நகைச்சுவைப் படம் என்பதையே இருவரும் மறந்துவிட்டீர்கள். மூளையில் கட்டி இருப்பதாகப் பயந்து அலைகிற மிக்கி, ஹன்னாவின் முன்னாள் கணவன், திரையரங்கில் பழைய நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்களின் படத்தைப் பார்த்து வாழ்க்கைக்குத் திரும்புகிற காட்சியைப் பற்றி ஏன் ஒருவரும் பேசவில்லை?

கோத்தகிரி ஆசிரியை:
மிக்கியைப் பற்றித் தனியாக எழுதுங்கள், படிக்கிறேன். இங்கே பேச்சு ஹன்னாவைப் பற்றியது.

உதகை ரசிகர்:
எலியட்டாக நடித்த மைக்கேல் கெய்னுக்குத் துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. அந்தத் தவிப்பை அவர் நடித்துக் காட்டியிருப்பதைப் பார்த்தபின் எலியட்டை வில்லனாக்க மனம் வராது. உதகை அசெம்பிளி ரூம்ஸ் திரையரங்கில் ஆங்கிலப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். கைபேசியில் ஓட்டி ஓட்டிப் பார்ப்பவர்களுக்குப் புரியாது.

கூடலூர் வாசகன்:
அதே படத்துக்காக ஹாலியாக நடித்த டயேன் வீஸ்டும் ஆஸ்கர் வாங்கினார். அதை உதகைக்காரர் சொல்லமாட்டார். எங்கே பார்த்தோம் என்பதை வைத்து ரசனையை அளப்பது அவருடைய பழைய பழக்கம்.

குன்னூர்த் திரைநேசன்:
பழைய பழக்கம் டீச்சருக்கும் உண்டு. ‘மூன்றாம் பிறை’ (1982) பற்றிப் பேசியபோதும், கேத்தி ரயில் நிலையத்தில் விஜிக்குச் சீனுவை உள்ளூர அடையாளம் தெரிந்திருக்கும் என்று வாதாடி ஒரு வாரம் எங்களைத் தூங்கவிடவில்லை. படத்தில் இல்லாததைப் பெண் பாத்திரங்களின் மனத்தில் நீங்களே எழுதிக்கொள்கிறீர்கள்.

கோத்தகிரி ஆசிரியை:
அந்தப் பேச்சை இங்கே இழுக்காதீர்கள். நினைவு திரும்பியதால் இடைக்காலத்தை மறந்தவள் விஜி. ஹன்னா எதையும் மறக்கவில்லை. இரவில் படுக்கையில், ஒரே இருட்டாக இருக்கிறது, தொலைந்துபோனதுபோல் இருக்கிறது என்று அவள் எலியட்டிடம் சொல்வதும் நான் எழுதிக்கொண்டதா? அவளுக்குத் தெரியும், தெரிந்தும் கேட்காமல் விட்டாள் என்பதுதான் என்னை வதைக்கிறது.

குன்னூர்த் திரைநேசன்:
தெரிந்திருந்தால், குடும்பம் முழுவதும் கூடுகிற அமெரிக்கப் பண்டிகையான நன்றியறிதல் நாளுக்குப் படத்தில் வரும் மூன்றாவது விருந்தில், வேறொருவரை மணந்துகொண்டு வந்து நிற்கிற லீயோடு அவ்வளவு இயல்பாக இருப்பாளா? எலியட்டும் தான் நினைத்ததைவிட ஹன்னாவை அதிகமாக நேசிப்பதை அங்கேதான் உணர்கிறான்.

கோத்தகிரி ஆசிரியை:
உணர்ந்ததை லீயைப் பார்த்து மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறான், ஹன்னாவிடம் சொல்லவில்லை. அவள் அவனை நம்பினாள் என்பதற்கு ஒரே ஒரு காட்சியைக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

குன்னூர்த் திரைநேசன்:
அவளுக்குத் தெரியும் என்று முதலில் சொன்னவர் நீங்கள். காட்ட வேண்டியவரும் நீங்கள்தான்.