வீடற்றோர் இல்லத்தைச் செப்பனிட ஏழு நாள் முகாம் போதுமா?

அரிசிலாறு (கேள்வி):

வணக்கம். கும்பகோணத்தை அடுத்த ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட அணியில் 40 பேர் இருக்கிறோம். சித்திரை மாத விடுமுறையில் நடக்கவிருக்கும் ஏழு நாள் சிறப்பு முகாமில், பக்கத்து நகரத்தில் உள்ள நகர்ப்புற வீடற்றோர் தங்கும் இல்லத்தைச் செப்பனிட்டுத் தரலாம் என்று எண்ணியிருக்கிறோம். குறை சொல்வது நோக்கமில்லை என்பதால் ஊர்ப் பெயரையும் நடத்துவோர் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

ஆண்களுக்கான அந்த இல்லத்தில் 42 அடி நீளமும் 22 அடி அகலமும் உள்ள ஒரே கூடந்தான் இருக்கிறது. பெரும்பாலும் முதியவர்களாக 22 பேர் தங்கியிருக்கிறார்கள். பழைய கான்கிரீட் தளம் ஐப்பசி மழையில் மூன்று இடங்களில் ஒழுகியிருக்கிறது. சுவரில் இரண்டரை அடி உயரத்துக்கு ஓதம் (தரையிலிருந்து ஏறும் ஈரம்) ஏறி, சென்ற ஆண்டு பூசிய சிமெண்ட் பூச்சு உப்புப் பூத்து உதிர்கிறது. சமையலறைத் தாழ்வாரத்தின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் இரண்டு இடத்தில் விரிசல் தெரிகிறது.

முதல் இரண்டு நாளில் மேல்தளம், மூன்றாம் நாள் சுவர்ப் பூச்சு, பிறகு வண்ணமும் சுவரோவியமும், கடைசி நாளில் கூடத்துக்குள் ஒரு நூலக அலமாரி, வெளியே சமையலறையை ஒட்டி உட்கார்ந்து சாப்பிட ஒரு கீற்றுக் கொட்டகை என்று திட்டமிட்டிருக்கிறோம். கையில் 60,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. எங்களில் எவருக்கும் கட்டட வேலை தெரியாது. இத்திட்டத்தில் உள்ள பிழைகளை அறிந்தவர்கள் சுட்டிக்காட்டினால் இப்போதே திருத்திக்கொள்வோம்.

வெண்ணாறு:

தம்பி, வேலையைத் தொடங்கும் முன்பே கேட்டீர்கள், அது நல்லது. நான் கட்டட மேற்பார்வைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் திட்டத்தில் எனக்குப் பட்ட பெரிய பிழை, சுவருக்கு உலர நாள் வேண்டும் என்பதை அது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான். மூன்றாம் நாள் பூசிய சுவரில் நான்காம் நாள் வண்ணம் அடித்தால், முகாம் நிறைவு விழாப் படத்தில் அழகாகத்தான் தெரியும். ஆடி மாதத்துக்குள் அது தோல் உரிந்து தொங்கும். சிமெண்ட் பூச்சென்றால் ஒரு வாரமாவது நீர் ஊற்றி ஆறவிட வேண்டும், அதன்பிறகு நன்றாக உலர வேண்டும். ஓதம் ஏறிய சுவருக்கோ அதற்கும் மேலே பல வாரங்கள் தேவைப்படும்.

நம் பகுதியின் மண் களிமண். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்து ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் வந்துவிட்டால் நிலத்தடி நீர் மேலேறும். அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் பூச்சு இல்லாத பழைய செங்கல் சுவர் அந்த நீரை உறிஞ்சி மேலே இழுக்கும். நீரோடு உப்பும் ஏறும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்க, உப்பு பூச்சைப் பின்னாலிருந்து தள்ளும். சென்ற ஆண்டுப் பூச்சு உதிர்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஓதக்கோட்டுக்கு ஓரடி மேலே வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளைச் சுரண்டி, உலர்ந்த தூரிகையால் உப்பைத் துடைத்து, கோடை வெயிலில் காயவிடுங்கள். சுவரைக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் உள்ளேதான் போகும். பிறகு சுண்ணாம்புக் காரை பூசி, வெறும் சுண்ணாம்பு அடித்தால் சுவர் மூச்சு விடும். பிளாஸ்டிக் எமல்ஷன் அந்தச் சுவருக்கு ஆகாது. கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாத பிள்ளை எவரையும் பக்கத்தில் விடாதீர்கள்.

மேல்தளத்தைப் பொறுத்தவரை, 60,000 ரூபாயில் முழுவதும் புதிதாகத் தட்டோடு பதிக்க இயலாது, அது தேவைப்படாமலும் போகலாம். பெரும்பாலான ஒழுகல் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலோ தண்ணீர் வெளியேறும் குழாய்வாயைச் சுற்றியோதான் தொடங்கும். சருகும் மண்ணும் அடைத்த குழாய்வாயைத் திறந்துவிட்டாலே பாதி நோய் தீர்ந்த கட்டடங்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வழிந்தோடப் பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது வாட்டம் இருக்கிறதா என்று மட்டம் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தளத்தைப் பெருக்குவது, மண் அள்ளுவது, பூச்சைக் கொத்துவது, சல்லடையில் மணல் சலிப்பது, சுண்ணாம்பு அடிப்பது ஆகியவை உங்கள் வேலைகள். மூலைகளைக் காரை வைத்து மூடுவதைக் கொத்தனாரிடம் விடுங்கள். நனைந்த சுவரில் சுவிட்ச் பெட்டி இருந்தால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பு, கட்டடம் யாருடையதோ அவர்களிடம் எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள்.

கீற்றுக் கொட்டகையைப் பற்றி: கும்பகோணத்துப் பக்கத்துப் பிள்ளையிடம் இதைச் சொல்ல நேர்வதே மனத்தை உறுத்துகிறது. 2004 ஜூலை 16 அன்று பள்ளிச் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரையில் பற்றி 94 குழந்தைகள் மாண்ட ஊர் அது. அடுப்பை ஒட்டிக் கீற்று வேண்டவே வேண்டாம்.

உப்பனாறு:

ஷீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேல் ஏறி நிற்காதீர்கள். விரிசல் விட்டது ஆள் எடையைத் தாங்காது. அதை அறுப்பதும் துளையிடுவதும் உடைப்பதும் கூடாது. அந்தத் தூசியில் உள்ள நார் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. மாற்றத்தான் வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து, முழு ஷீட்டாக இறக்கும் பழக்கமுள்ள ஆட்களை வைத்துக்கொள்ளுங்கள். புதிய தகரம் போடும்போது கொக்கி போல்ட்டுகளில் சிக்கனம் பார்க்காதீர்கள். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்த இரவில், சரியாகப் பிணைக்காத தகரங்கள் எங்கள் தெருவில் கத்திபோல் பறந்ததைக் கண்ட பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

குடமுருட்டி:

நான் இத்தகைய ஓர் இல்லத்தை நடத்திய மகளிர் குழுவில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். வெண்ணாறு ஐயா சுவரைப் பற்றிச் சொன்னதில் மறுப்பில்லை. ஆனால் அந்தச் சுவருக்குள் குடியிருக்கும் 22 பேர் வேலை நடக்கும் நாட்களில் எங்கே படுப்பார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லையே! பூச்சைக் கொத்தும் தூசியில் இருமலும் ஆஸ்துமாவும் உள்ள பெரியவர்கள் ஒரு மணி நேரம்கூட இருக்க முடியாது. கூடத்தைக் கயிறு கட்டி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி முடிந்த பிறகே மறுபாதியைத் தொடுங்கள். ஒரு நாளில் எட்டுப் பேருக்கு மேல் உள்ளே போகாதீர்கள். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் நுழைந்தால் அவர்கள் தம் வீட்டிலேயே விருந்தாளிகளைப்போல ஒதுங்கி நிற்க நேரிடும்.

நூலக அலமாரி நல்லெண்ணம்தான், இடம்தான் இல்லை. ஒருவருக்கு ஏறத்தாழ 50 சதுர அடி வேண்டும் என்று தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறை வகுத்திருந்தது. உங்கள் கூடம் 924 சதுர அடி, அதாவது 18 பேருக்கான இடம். அதில் ஏற்கெனவே நால்வர் கூடுதலாக இருக்க, அலமாரி எதைத் தள்ளிவிட்டு நிற்கும்?

ஏழு நாள் முகாம் என்பது கட்டாயமா என்றும் உங்கள் திட்ட அலுவலரிடம் கேளுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி என்ற கணக்கு முகாமுக்கு வெளியே இருக்கிறதே, அந்த நேரத்தை வார இறுதிகளாகப் பிரித்துக்கொண்டால் சுவர் உலரவும் நாள் கிடைக்கும். படுத்திருக்கும் மனிதர்களைப் படம் எடுக்காதீர்கள். அவர்களில் சிலர் குடும்பத்துக்குத் தெரியாமல் இருப்பவர்கள்.

இன்னொன்று: அங்கே இருப்பவர்களில் கட்டட வேலை செய்தவர்கள் நிச்சயம் ஒருவரிருவர் இருப்பார்கள். அவர்களை வேலைக்கு வைத்தால் ஊர்க் கூலியை முழுமையாகக் கொடுங்கள்.

கொள்ளிடத்தான்:

தங்கள் இருப்பிடத்தைச் செப்பனிட உள்ளே இருப்பவர்களும் கை கொடுப்பது இயல்புதானே? மாணவர்கள் சிரமதானம் செய்யும்போது அவர்களுக்கு மட்டும் கூலி என்றால், திரட்டிய சிறு தொகையும் கரைந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

குடமுருட்டி:

ஐயா, மாணவன் மாலையில் வீட்டுக்குப் போய் அம்மா கையால் சாப்பிடுவான்; அவன் கொடுப்பது ஓய்வு நேரம். அந்தக் கொத்தனார் கொடுப்பது ஒரு நாள் பிழைப்பு. வெளியிலிருந்து கொத்தனாரை அழைத்தால் கூலி கொடுக்கத்தானே செய்வோம்? பெருக்கவும் தண்ணீர் எடுத்துத் தரவும் விரும்பி வருபவர்களைத் தடுக்க வேண்டியதில்லை. தொழிலுக்கு மட்டும் கூலி என்கிறேன்.

அரிசிலாறு:

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவர் மட்டும் போய், அங்குள்ளவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டோம். மேல்தளத்தை முதலில் சொன்னவர் ஒருவருமில்லை. ஒன்பது பேர் பூட்டுப் போடக்கூடிய ஒரு பெட்டி கேட்டார்கள். ஆதாரும் மருந்துச் சீட்டும் தலையணைக்கு அடியில்தான் இருக்கின்றனவாம். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கும், பிடித்து நடக்க ஒரு கைப்பிடிக் குழாயும் வேண்டும் என்றார்கள். சுவரோவியத்தைப் பற்றிச் சொன்னதற்கு ஒரு தாத்தா, "போடுங்கள், ஆனால் நான் படுக்கும் பக்கம் வெறும் வெள்ளையாக விடுங்கள்" என்றார்.

குடமுருட்டி அம்மா சொன்னபடியே ஒரு பழைய கொத்தனார் இருந்தார். எங்களை மாடிக்கு அழைத்துப்போய், தென்மேற்கு மூலைக் கைப்பிடிச் சுவரில் முளைத்திருந்த அரசங்கன்றைக் காட்டி, ஒழுகலுக்கு வாசல் இதுதான் என்றார். மேலே வெட்டினால் மீண்டும் துளிர்க்கும் என்பதால், இரண்டு வரிசைச் செங்கல்லைப் பெயர்த்து வேரை முழுதும் எடுத்த பிறகே காரை வைக்க வேண்டுமாம். நாட்கூலி பேசிவிட்டோம்.

அலமாரியும் கொட்டகையும் கைவிடப்பட்டன. அந்தப் பணம் 22 பெட்டிகளுக்கும் விளக்குக்கும் போகிறது. தாழ்வாரத்து ஷீட்டை நாங்கள் தொடப்போவதில்லை. விரிசலைப் பற்றிக் கட்டட உரிமையாளருக்கு அனுமதிக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறோம். முகாமுக்குப் பதிலாக, எட்டெட்டுப் பேராக ஐந்து வார இறுதிகள் செல்கிறோம். அரசமரத்தை வெட்டுவது பாவம் என்று அணியில் மூவர் தயங்கியதால், கன்றை வேரோடு எடுக்க முடிந்தால் குளக்கரையில் நட்டுவிடுவதாக அவர்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். கிளிஞ்சல் சுண்ணாம்பு இப்போதும் நல்லதாக எங்கே கிடைக்கிறது என்பதை மட்டும் எவரேனும் சொல்லுங்கள்.