ஒரே மெத்தில்தான்: சைட்டோசினில் உருகுநிலை ஏறுது, அடினினில் இறங்குது. ஏன்?

கிண்டி_உயிர்வேதி:
12 கார இணை நீளத்தில் மூன்று டிஎன்ஏ: மாற்றமில்லாதது, 5-மெத்தில்சைட்டோசின் உள்ளது, என்6-மெத்தில்அடினின் உள்ளது. இரண்டாவதின் உருகுநிலை (இரட்டையிழைகளில் பாதி பிரியும் வெப்பநிலை) லேசா ஏறுது, மூன்றாவது இறங்குது. ஹைட்ரஜன் பிணைப்பு எதிலும் குறையலையே? இன்னொண்ணு, 20 டிகிரிக்குக் கீழே, உருகலை அளக்கும் 260 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல் தாறுமாறா ஏறுது. டிரிஸ் பஃபர், பிஎச் 7.5.

தரமணி_என்எம்ஆர்:
பிணைப்பை எண்ணினா பிடிபடாது. மெத்தில் எந்த ஓரத்தில் நிற்குதுன்னு பாருங்க. சைட்டோசினின் 5-ஆம் கார்பன் இரட்டையிழையின் அகலமான பள்ளத்தை (பெரும்பள்ளம்) பார்த்திருக்கு, இணை சேரும் ஓரத்தைத் தொடுவதே இல்லை. மூன்று பிணைப்பும் அப்படியே இருக்க, பக்கத்துக் காரங்களோடு அடுக்கு மட்டும் இறுகுது. அதனால்தான் அந்தச் சிறு ஏற்றம்.

அடினினில் கதை வேற. என்6-மெத்தில் இயல்பா என்1 (வளையத்தின் 1-ஆம் நைட்ரஜன்) பக்கமே திரும்பி நிற்கும், அதாவது தைமின் வந்து சேர வேண்டிய இடத்தில். இணை சேரணும்னா அது என்7 பக்கம் சுழலணும், அங்கே நெருக்கடி. பிணைப்பு இரண்டும் கிடைச்சிடும், சுழற்சிக்கான ஆற்றலை இரட்டையிழை கொடுத்தாகணும்.

அடையாறு_ஸ்பெக்ட்ரோ:
20 டிகிரிக்குக் கீழே வரும் துள்ளல் டிஎன்ஏவில் இல்லை. நம்ம ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த கியூவெட் (கரைசல் வைக்கும் சிறு குவளை) சுவரில் பனியாகப் படியுது. கருவியில் கியூவெட் வைக்கும் அறையில் உலர் நைட்ரஜன் ஓட விடுங்க, இல்லைன்னா 25 டிகிரியில் தொடங்குங்க.

டிரிஸை மாத்தியே ஆகணும். அதன் பிஎச் 25 டிகிரியில் 7.5 இருப்பது 85-இல் 6-க்குக் கீழே போயிடும். 10 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், பிஎச் 7, 100 மில்லிமோலார் உப்பு, 0.1 மில்லிமோலார் இடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துவைப்பது) போதும். கரைசலில் காற்றை நீக்கலைன்னா சூடேறும்போது குமிழி வரும். முதலில் 90 டிகிரியில் ஐந்து நிமிடம் வச்சு, மெதுவா ஆறவிட்டு, நிமிடத்துக்கு அரை டிகிரி ஏற்றுங்க. மூன்றுக்கும் இழைச் செறிவு ஒன்றா இருக்கணும். இவ்வளவு குட்டை இழையில் செறிவு மாறினாலே உருகுநிலை நகரும், அதை மெத்தில் விளைவுன்னு எடுத்துக்கக் கூடாது. செறிவை 90 டிகிரி உறிஞ்சலில் கணக்கிடுங்க.

கிண்டி_உயிர்வேதி:
நன்றி சார். அடுத்து ஓ6-மெத்தில்குவானின். அது தைமினோடு சேரும்னா, தைமினுக்கு எதிரே உருகுநிலை கூடுமா?

தரமணி_என்எம்ஆர்:
கூடாது. பலரும் இடறும் இடம் இது. மெத்தில் ஏறியதும் குவானினின் என்1 தன் ஹைட்ரஜனை இழந்து, ஹைட்ரஜனைக் கொடுக்காமல் ஏற்க மட்டும் செய்யும் வாங்கியாக மாறுது. சைட்டோசினின் என்3-யும் வாங்கி, அதனால் பழைய இணை குலையும். ஆனாலும் இணை சற்றுச் சரிந்து சைட்டோசினோடு ஒட்டிக்கொள்ளும், அது தைமின் இணையைவிடக் கொஞ்சம் உறுதி. இயல்பான குவானின்–சைட்டோசினைவிட இரண்டுமே பலவீனம்தான். டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதி தைமினைச் சேர்ப்பது உறுதியைப் பார்த்து அல்ல, அந்த இணையின் வடிவம் இயல்பான இணையை ஒத்திருப்பதால்.

ஆர்டர் போடும்போது ஒரு எச்சரிக்கை: இழையைத் தயாரிக்கும்போது மாட்டிய பாதுகாப்புக் குழுக்களைச் சூடான அமோனியாவில் நீக்கினால் மெத்தாக்சி (அந்த ஆக்சிஜனும் மெத்திலும்) போய் அமினோ வந்துவிடும், கையில் இருப்பது 2,6-டைஅமினோபியூரின். அது தைமினோடு மூன்று பிணைப்பு போடும், உருகுநிலை பொய்யா ஏறும். மெத்தனாலில் டிபியு என்ற காரப்பொருள் கொண்டு நீக்கச் சொல்லுங்க. மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் இழையின் நிறை 15 டால்டன் குறைந்திருந்தா அந்த இழையைப் பயன்படுத்தாதீங்க.