கினபாலுவில் பாதி வழியில் திரும்பிய கதை

காரைக்குடி கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயரமில்லாத ஊர். இங்கிருந்துகொண்டு மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கும் கினபாலு மலையில் ஏறப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அதன் உச்சி 4,095 மீட்டர். சிரிக்கத்தான் செய்வார்கள்.

பயிற்சிக்கு வாய்த்தது பிறான்மலை. பாரியின் பறம்பு என்று சொல்லப்படுகிற மலைதான். இரண்டு மாதம் ஞாயிறுதோறும் விடியலில் ஏறி, மேலே தர்கா பக்கம் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு இறங்குவேன். மூச்சு நன்றாகப் பழகிவிட்டது, இது போதும் என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு.

கினபாலுவில் வழிகாட்டி இல்லாமல் ஏற விடமாட்டார்கள். கழுத்தில் பெயர் அட்டையும் தொங்க வேண்டும். ஏறத் தொடங்குகிற திம்போஹோன் வாசல் 1,866 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து 6 கிலோமீட்டர் நடந்தால் இரவு தங்குகிற பனலாபான், 3,272 மீட்டர். ஒரே நாளில் 1,400 மீட்டர் ஏற்றம், பெரும்பாலும் படி. ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். என்னைவிட மூத்த ஓர் அம்மா முதுகில் மூட்டையோடு என்னைக் கடந்து போனார். நான் குடுவைச் செடியைப் பார்ப்பதுபோல நின்று மூச்சு வாங்கினேன்.

வழிகாட்டிப் பையன் அடிக்கடி சொன்னது "பெலான், பெலான்". மலாயில் மெதுவாக என்று பொருள். பினாங்கில் செட்டியார் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக இருந்த எங்கள் ஐயா, நாங்கள் வளவில் ஓடினால் இதையே சொல்லித்தான் அதட்டுவார். அது மலாய்ச் சொல் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இரவு தலைவலி மண்டையைப் பிளந்தது. ஆத்தா கட்டிக்கொடுத்த மாவுருண்டை தொண்டையில் இறங்கவில்லை. வழிகாட்டிப் பையன் நாலு தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.

அதிகாலை 2 மணி சுமாருக்குக் கிளம்பினோம். வழுக்குப் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். இருட்டில் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாததும் நல்லதுக்குத்தான். சயாட்-சயாட் சோதனைச் சாவடி 3,668 மீட்டர். அங்கே இரண்டு முறை வாந்தி. வழிகாட்டி என் முகத்தில் விளக்கடித்துப் பார்த்து, மேலே போக வேண்டாம் என்று தலையை ஆட்டினான். எனக்கு அழுகை வந்தது, ஆனால் மறுத்துப் பேசவில்லை. உயரத்தில் வருகிற தலைவலியோடு வாந்தியும் சேர்ந்தால் இறங்குவதுதான் மருந்து.

ஆனால் என்னை உண்மையில் உடைத்தது இறக்கம். அத்தனை படியையும் அன்றைக்கே இறங்கியாக வேண்டும். கடைசி 2 கிலோமீட்டர் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்தேன். ஊருக்கு வந்தும் மூன்று நாள் திண்ணையிலிருந்து தெருவில் கால் வைக்க ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

போகிறவர்கள் ஏறுவதைவிட இறங்கத்தான் பழகுங்கள். கைத்தடி இரண்டு வேண்டும். மாவுருண்டையை டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள், பையில் போட்டால் மாவாகத்தான் வரும்.