மருந்தடித்த சட்டையைத் துவைத்தது அம்மா

பண்ருட்டிப் பக்கம் முந்திரித்தோப்பு வைத்திருப்பவர்களுக்காக எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

முந்திரி பூக்கிற தை, மாசியில் தேயிலைக் கொசு என்ற பூச்சி இறங்கும். துளிரிலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சிக் கருக்கிவிடும். அப்பா புரபெனோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் கலந்து பவர் ஸ்ப்ரேயரில் அடிப்பார். நெல் வயல் என்றால் மருந்து காலடியில் விழும். முந்திரி தலைக்கு மேலே நிற்கிறது. அண்ணாந்து அடித்தால் நம் மேலேயே சொட்டும். லுங்கி, அரைக்கைச் சட்டை, மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் அவர் போட்டுக்கொள்வது.

போன மாசியில் ஒரு நாள் பதினொரு மணிக்கு வந்து திண்ணையில் சாய்ந்தார். வேர்த்துக் கொட்டியது, எச்சில் வழிந்தது, கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது. வெயில் என்றார்கள், எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா அவுரி இலை அரைக்க ஓடினார். நஞ்சு முறிய அவுரி என்பது நம் ஊரில் காலங்காலமாகச் சொல்வதுதான். அந்த நம்பிக்கையில் முக்கால் மணி நேரம் போய்விட்டது. இன்று நினைத்தாலும் பகீரென்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒருவர் ஊசி போடும்போதே இன்னொருவர் சட்டையை வெட்டி எடுத்துவிட்டுத் தலைமுடி வரை சோப்புப் போட்டுக் கழுவினார். மருந்து டப்பாவைக் கேட்டார்கள். முறிவு மருந்து எது என்று லேபிளிலேயே இருக்குமாம். அந்த முறிவு மருந்தான அட்ரோபின் ஏற ஏற எச்சில் நின்றது. நரம்பு அனுப்பும் தூண்டுதலை நேரத்துக்கு அணைக்கிற நொதியை இந்த வகைப் பூச்சிமருந்து முடக்கிவிடுகிறது, அதனால்தான் வேர்வையும் தசைத்துடிப்பும் ஓயாமல் ஓடுகின்றன என்று டாக்டர் சொன்னார். தெளிந்துவிட்டார் என்று கிளம்பப் பார்த்தோம், டாக்டர் விடவில்லை. 4 நாள் வரைக்கும் கழுத்துத் தசை தளர்ந்து மூச்சு நிற்க வாய்ப்புண்டாம். தினமும் அப்பாவைத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்பா பழைய ஆளாக இல்லை. சோர்வு, மறதி, விரல் நடுக்கம். அடுத்த தோப்பில் மருந்து வாசம் வந்தாலே குமட்டும். ஐப்பசியில் புதுச்சேரியில் ஒரு ஆயுர்வேத டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். அவர் ‘தூஷீ விஷம்’ என்றார். முழுசாக வெளியேறாத நஞ்சு வீரியம் குறைந்து, கபம் போர்த்தி, வருஷக்கணக்கில் உடம்பில் தங்கும் என்று சுசுருத சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலில் இருக்கிறதாம். குளிர்காற்றிலும் மேகம் மூடிய நாளிலும், பகல் தூக்கத்தாலும் ஒவ்வாத சாப்பாட்டாலும் மறுபடி கிளம்புமாம். மழை மூடினால் அப்பாவுக்கு உடம்பு கனப்பது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட நாளில் எல்லோருக்கும் கொஞ்சம் கனக்கும், அதனால் இதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. நஞ்சு ஒரே நாளில் முடிந்துபோகிற விஷயமில்லை என்ற அந்தப் பார்வைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

டாக்டரம்மா ஒளிக்காமல் பேசினார். “கஷாயம் அந்த ரசாயனத்தைக் கழுவி எடுத்துடும்னு சொல்லமாட்டேன். பசியையும் தூக்கத்தையும் சரிபண்ணப் பார்க்கலாம். மருந்து மறுபடி மேல படக்கூடாது, அதுதான் முதல் சிகிச்சை. மூச்சுத் திணறினா இங்க வராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

அப்புறம் அம்மாவைப் பார்த்தார்.

“கையில என்னம்மா?”

முழங்கை வரை தோல் தடித்து வெடித்திருந்தது. “சோப்பு ஒத்துக்கல டாக்டர், ரொம்ப வருஷமா இருக்கு” என்றார் அம்மா.

“ஐயா மருந்தடிச்ச துணிய யார் துவைக்கிறது?”

யாருக்கும் பேச்சு வரவில்லை. லுங்கியும் சட்டையும் எங்கள் துணியோடு ஒரே வாளியில்தான் ஊறும். அம்மாதான் கையால் கசக்குவார். அரிப்பு என்று அவர் சொன்னபோதெல்லாம் நான்தான் வேறு சோப்பு வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது அந்தத் துணிக்குத் தனி வாளி, ரப்பர் கையுறை, நான்தான் துவைக்கிறேன். அம்மாவின் கை பாதிக்கு மேல் ஆறியிருக்கிறது. அப்பா மருந்தடிப்பதை விட்டுவிட்டார். இந்த வருஷம் கூலிக்கு ஒரு தம்பி வந்தார். முழுக்கைச் சட்டை, தொப்பி, கண்ணாடி எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். அரை மணியில் கண்ணாடியில் ஆவி படிந்து கழற்றிவிட்டார். அப்பாவுக்கு வந்தது அவருக்கும் வந்துவிடுமோ என்று அன்று முழுக்கத் தோப்பிலேயே நின்றேன். மருந்து மேலே சொட்டாமல் தள்ளி நின்று அடிக்க நீளக் குழாய் யாராவது பயன்படுத்துகிறீர்களா? எங்கே வாங்கினீர்கள், உயர மரத்துக்கு எட்டுகிறதா என்று சொல்லுங்கள்.