முடிந்த திரைப்பதிவின் நடுவில் புதிதாகப் பதிந்த 40 நொடியைச் செருகுவது எப்படி?

கால்க்வகுப்பு:
வணக்கம். லிப்ரே ஆபிஸ் கால்க் (விரிதாள்) பாடம் ஒன்று, 12 நிமிடம். விண்டோஸ் 10 மேசைக்கணினியில் ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருள் கொண்டு பதிந்தது. 1920×1080, நொடிக்கு 30 ஃப்ரேம், எம்கேவி கோப்பு, என்கோடர் (படத்தைச் சுருக்கிச் சேமிப்பது) என்விடியா கார்டின் என்வென்க். 7:12-இல் முதல் வரிசையை உறைய வைக்கும் (ஸ்க்ரோல் செய்தாலும் நகராமல் நிறுத்தும்) படிநிலை விடுபட்டிருக்கிறது. அந்த 40 நொடியை மட்டும் மடிக்கணினியில் தனியாகப் பதிந்திருக்கிறேன். அதில் என்விடியா இல்லை, எக்ஸ்264 என்ற மென்பொருள் என்கோடர்தான். திரை 1366×768, ஓபிஎஸ்ஸில் வெளியீட்டளவை 1920×1080 என்று வைத்திருந்தேன்.

பழைய கோப்பை எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளிக் கருவியில் 7:12-இல் இரண்டாக்கி, நடுவில் புதியதை வைத்து, மறு என்கோட் இல்லாமல் காப்பி முறையில் ஒட்டினால் மூன்று கோளாறு வருகிறது.

1. பின்பாதி 7:12-க்குப் பதில் 7:05-இலிருந்து ஓடுகிறது. ஏழு நொடி இருமுறை கேட்கிறது.
2. புதிய துண்டு வந்ததும் படம் பச்சையாகவும் கட்டம் கட்டமாகவும் சிதறுகிறது.
3. அந்தத் துண்டில் மட்டும் குரல் கீச்சென்று வேகமாகப் போகிறது.

முழுப் பாடத்தையும் மறுபடி பதியாமல், எழுத்துகளின் கூர்மை போகாமல் சேர்க்க வழி உண்டா?

வெட்டொட்டி:
மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு. தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலாவது கீஃப்ரேம் சிக்கல். ஓபிஎஸ்ஸில் கீஃப்ரேம் இடைவெளியை 0 என்று விட்டால் 250 ஃப்ரேமுக்கு ஒருமுறைதான் முழுப் படம் சேமிக்கப்படும். நடுவில் உள்ளவை முந்தைய ஃப்ரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டுமே வைத்திருக்கும். 30 ஃப்ரேம் வேகத்தில் 250 என்பது 8.33 நொடி. உங்கள் 7:12 என்பது 432-வது நொடி. அதற்கு முந்தைய கீஃப்ரேம் 51×250 = 12,750-வது ஃப்ரேம், அதாவது சரியாக 425 நொடி, 7:05. காப்பி முறையில் நகல் கீஃப்ரேமிலிருந்துதான் தொடங்க முடியும், அதனால்தான் ஏழு நொடி பின்னால் போகிறது. எக்ஸ்264 என்றால் காட்சி சட்டென்று மாறும் இடங்களில் தானாகவே கூடுதல் கீஃப்ரேம் வைக்கும். ஆனால் நிமிடக்கணக்கில் ஒரே ஷீட் நிற்கும் திரைப்பதிவில் அப்படிப்பட்ட மாற்றமே அபூர்வம்.

அடுத்த கீஃப்ரேம் 433.33 நொடியில், அதாவது 7:13.3-இல் இருக்கிறது. ஒட்டும் இடத்தை 1.3 நொடி தள்ளிப் போட்டால் பேச்சு நடுவில் அறுபடாமல் இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் வெட்டும் சிக்கல் அங்கேயே தீர்ந்தது. அவிடெமக்ஸ் என்ற வெட்டும் மென்பொருளில் கோப்பைத் திறந்து மேல், கீழ் அம்புக்குறி விசைகளை அழுத்தினால் கீஃப்ரேம் விட்டு கீஃப்ரேம் தாவும். இடத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்யலாம்.

இரண்டாவது, பச்சைச் சிதறல். எச்.264 (இரு என்கோடர்களும் எழுதும் சுருக்க வடிவம்) படத்தைப் பிரித்தெடுக்கத் தேவையான குறிப்புகள் எம்கேவி, எம்பி4 கோப்புகளின் தலைப்பகுதியில் ஒருமுறைதான் எழுதப்படும். காப்பி முறையில் ஒட்டும்போது முதல் துண்டின் குறிப்பே மொத்தக் கோப்புக்கும் போய்விடுகிறது. என்வென்க்கின் குறிப்பை வைத்துக்கொண்டு எக்ஸ்264 எழுதியதைப் படிக்கச் சொன்னால் இப்படித்தான் ஆகும். அளவு, ஃப்ரேம் வேகம் எல்லாம் ஒன்றாக இருந்தாலும் என்கோடர் வேறு என்றால் காப்பி ஒட்டு வேண்டாம். மூன்று துண்டையும் முதலில் எம்பெக் டிஎஸ் கோப்பாக மாற்றி ஒட்டும் வழி ஒன்று உண்டு; அதில் குறிப்புகள் ஒவ்வொரு கீஃப்ரேமுக்கும் முன்னால் போய் உட்காரும். கணினியில் பெரும்பாலும் ஓடும், தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் பழைய கைபேசிகளிலும் திணறும். பாடக் காணொளிக்கு அந்த ஆபத்து வேண்டியதில்லை.

மூன்றாவது, ஒலி. ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பது மேசைக்கணினியில் 48,000 ஹெர்ட்ஸ், மடிக்கணினியில் 44,100 என்று இருக்கும். கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் இரண்டு கோப்பையும் திறந்தால் தெரிந்துவிடும். 44,100-இல் பதிந்ததை 48,000 என்று நினைத்து ஓட்டினால் 40 நொடிப் பேச்சு 36.75 நொடியில் முடிந்துவிடும், சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறும். நீங்கள் சொல்லும் கீச்சு அதுதான்.

ஆக, காப்பி ஒட்டுதான் வேண்டும் என்றால் அதே மேசைக்கணினியில், அதே ஓபிஎஸ் புரொஃபைலில் (சேமித்த அமைப்புத் தொகுப்பில்) அந்த 40 நொடியை மறுபடி பதியுங்கள். அதற்கு முன் புரொஃபைலில் எதையும் தொட வேண்டாம்.

மவுஸ்பாண்டி:
வெட்டொட்டி சொன்ன காரணமெல்லாம் சரி. ஆனா என்னைக் கேட்டா காப்பி ஒட்டை விட்டுடுங்க. 13 நிமிஷ வீடியோவை ஒரு தடவை மறு என்கோட் பண்றதால எழுத்து மங்கிடாது. எழுத்து மங்குறது அளவு மாத்துறதால. 1366×768-ஐ 1920×1080-க்கு இழுத்தா 1.4 மடங்கு, முழு எண் கிடையாது. ஒரு பிக்சல் கோடு ஒன்றரைப் பிக்சலா பரவும். அதை எந்த எடிட்டராலும் திருப்பிக் கூர்மையாக்க முடியாது. அதனால அந்த மடிக்கணினிப் பதிவைத் தூக்கி ஓரமா வைங்க, எப்படியும் மேசைக்கணினியில மறுபடி பதியணும்.

கேடிஎன்லைவ்ங்கிற வீடியோ எடிட்டர்ல செய்யறது இப்படி. முதல் கிளிப்பைச் சேர்த்ததும் புரொஜெக்ட் புரொஃபைலை மாத்தவான்னு கேட்கும், மாத்துன்னு சொல்லுங்க. சொல்லலைன்னா வழக்கமான 25 ஃப்ரேம்லயே நிக்கும். 30-ல பதிஞ்சதை 25-ல போட்டா ஆறுல ஒரு ஃப்ரேம் போயிடும், ஸ்க்ரோல் பண்ற இடமெல்லாம் விக்கும். அப்புறம் பிளேஹெட்டை (டைம்லைன்ல நேரம் காட்டுற கோட்டை) 7:12-க்குக் கொண்டுபோங்க, புது கிளிப்ல தேவையான பகுதியை மட்டும் இன், அவுட் (தொடக்கம், முடிவு) குறிச்சுக்கோங்க, வி விசையை அழுத்துங்க. பின்பாதி 40 நொடி தள்ளிப் போய் நடுவுல புதுசு உட்காரும். பி அழுத்தினா பழசு மேலயே எழுதிடும், கவனம். ஒலிக்கு வேற டிராக் வெச்சிருந்தா அதுவும் கூடவே நகர்ந்துச்சான்னு கடைசி நிமிஷத்துக்குப் போய்ப் பாருங்க. நகரலைன்னா அங்கிருந்து முடிவு வரைக்கும் பேச்சும் படமும் 40 நொடி விலகி நிக்கும்.

ரெண்டர்ல (இறுதிக் கோப்பை உருவாக்கறப்போ) எச்.264, சிஆர்எஃப்ங்கிற தர அளவு 16-லிருந்து 18; எண் குறைஞ்சா தரம் கூடும். எக்ஸ்264-இன் இயல்பு அளவு 23, அது சினிமாவுக்குப் போதும், சின்ன எழுத்துக்குப் போதாது. "இழப்பே வேண்டாம்"னு 0 வெச்சுடாதீங்க. அந்த வகைக் கோப்பு பல உலாவியிலயும் போன்லயும் ஓடாது.

ஒட்டு தெரியாம இருக்கிறது பதியும்போதே முடிவாயிடும். பழைய வீடியோவோட 7:12 ஃப்ரேமைப் படமா எடுத்து முழுத்திரையில திறந்து வைங்க. ஆல்ட் டேப் அழுத்தி அதையும் கால்க்கையும் மாறி மாறிப் பாருங்க. ரெண்டு பிக்சல் விலகல்கூடத் துள்ளலாத் தெரியும். சரிபார்க்க வேண்டியது: விண்டோஸ் ஸ்கேலிங் 100-ஆ 125-ஆ, கால்க்ல கீழே வலப்பக்கம் இருக்கிற ஜூம் அளவு, பக்கப்பட்டை திறந்திருக்கா, எந்தச் செல் தேர்வாயிருக்கு. கடைசியா சொன்னதைப் பலர் மறப்பாங்க. இடது மூலையில செல் பெயர் பி4-லிருந்து ஏ1-க்குத் தாவினா கண்ணு அங்கதான் போகும். சாளரத்தை மேக்ஸிமைஸ் பண்ணியே வைங்க, இடம் மாறாது.

பதிவு ஆரம்பிச்சதும் மூணு நொடி மவுஸைத் தொடாம இருங்க, முடிவுலயும் மூணு நொடி. அந்த அசையாத துண்டுலதான் வெட்டணும்.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். புதுத் துண்டுல முதல் வரிசையை உறைய வெச்சுட்டு அப்படியே முடிச்சீங்கன்னா, 7:12-க்கு அப்புறம் வர்ற பழைய பகுதியில ஸ்க்ரோல் பண்றப்போ தலைப்பு வரிசை மறைஞ்சு போகும். "இப்பத்தானே உறைய வெச்சீங்க?"ன்னு பார்க்கிறவங்க கேட்பாங்க. துண்டோட கடைசியில உறைநிலையை எடுக்கிறது எப்படின்னும் காட்டி, பழைய நிலைக்கே கொண்டுவந்து முடிங்க. திரும்ப முடியாத மாற்றம்னா, நடுவுல செருகறதை விட்டுட்டு அங்கிருந்து முடிவு வரைக்கும் பதியறதுதான் வேலை குறைவு.

கால்க்வகுப்பு:
நன்றி இருவருக்கும். மேசைக்கணினியில் மீண்டும் பதிந்து கேடிஎன்லைவில் செருகிவிட்டேன். துள்ளல் இல்லை. இரண்டு சந்தேகம்: புதிய துண்டு பழையதைவிடச் சற்று வெளிறித் தெரிகிறது, கறுப்பு எழுத்து சாம்பல் போல. டாஸ்க்பாரில் கடிகாரமும் காலை 10:20-இலிருந்து மாலைக்குத் தாவி, மறுபடி காலைக்கு வருகிறது.

ஒலிப்பெட்டி:
வெளிறல் நிற வீச்சு பொருந்தாததால் வருவது. ஓபிஎஸ் அமைப்புகளில் அட்வான்ஸ்டு பக்கத்தில் கலர் ரேஞ்ச் லிமிடெட், ஃபுல் என்று இருக்கும். லிமிடெட்டில் கறுப்பு 16, வெள்ளை 235. ஃபுல்லில் 0, 255. லிமிடெட்டாகப் பதிந்ததை ஃபுல் என்று எடிட்டர் எடுத்துக்கொண்டால் 16 விரியாமல் அப்படியே நிற்கும், கறுப்பு சாம்பலாகும். தலைகீழாக நடந்தால் நிழல்கள் அடைத்துப்போய்க் கடுமையாகத் தெரியும். இரு கோப்பையும் மீடியாஇன்ஃபோவில் ஒப்பிடுங்கள். கேடிஎன்லைவில் அந்தக் கிளிப்பின் பண்புகளில் வீச்சைக் கட்டாயப்படுத்தி மாற்றலாம். வண்ண வடிப்பான் போட்டுக் கண்ணளவில் சரிசெய்யாதீர்கள், வெள்ளைப் பின்னணியில் வித்தியாசம் தெரிந்துவிடும். கலர் ஸ்பேஸும் (நிறத்தைக் கணக்கிடும் முறை) இரண்டிலும் 709 தானா என்று பார்த்துவிடுங்கள். ஒன்று 601 என்றால் பச்சையும் சிவப்பும் லேசாக விலகும்.

கடிகாரத்துக்குச் சுலப வழி: பழைய 7:12 ஃப்ரேமின் அடிப்பட்டையை மட்டும் வெட்டி எடுத்து, மேல் டிராக்கில் அந்த 40 நொடி முழுக்கப் போர்த்திவிடுங்கள். விண்டோஸ் 10-இல் ஸ்கேலிங் 100 என்றால் டாஸ்க்பார் 40 பிக்சல் உயரம், விண்டோஸ் 11-இல் 48. மவுஸ் அந்தப் பட்டைக்குள் போனால் மறைந்துவிடும், அது ஒன்றுதான் கட்டுப்பாடு.

ஒலியைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. படத்தின் ஒட்டைவிட ஒலியின் ஒட்டுதான் சீக்கிரம் பிடிபடும். மின்விசிறி ஓடும்போது பதிந்ததோடு விசிறி நிறுத்திப் பதிந்ததை ஒட்டினால் பின்னணி இரைச்சல் திடீரென்று அறுபடும். அதே மைக், வாயிலிருந்து அதே தூரம், அதே விசிறி நிலை. ஒட்டும் இடம் இரு வாக்கியங்களுக்கு நடுவிலுள்ள மூச்சு விடும் இடைவெளியில் இருக்கட்டும். 3 அல்லது 4 ஃப்ரேம், அதாவது 100 முதல் 130 மில்லிநொடி, ஒன்றன்மேல் ஒன்று கரையும்படி கிராஸ்ஃபேட் போடுங்கள். அதற்குமேல் நீட்டினால் இரண்டு மூச்சு சேர்ந்து கேட்கும். ஒலியும் படமும் ஒரே ஃப்ரேமில் மாற வேண்டும் என்று கட்டாயமில்லை. புதிய துண்டின் பேச்சை 10 ஃப்ரேம் முன்னதாகத் தொடங்கி, படத்தைப் பிறகு மாற்றினால் இன்னும் மறையும்.

படத்தைவிடப் பேச்சு நீளமாக இருந்தால் வேகமாகப் பேசிப் பதிய வேண்டாம். அசையாத ஃப்ரேம் ஒன்றைப் படமாக எடுத்து நீட்டிக்கொள்ளுங்கள். திரைப்பதிவில் மட்டும் கிடைக்கும் வசதி இது, ஆள் பேசும் காணொளியில் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

வெட்டொட்டி:
அடுத்த பாடங்களுக்கு இப்போதே செய்துவைக்க வேண்டியவை சில. கீஃப்ரேம் இடைவெளியை 1 நொடியாக்குங்கள். கோப்பு சற்றுப் பெருக்கும், ஆனால் எந்த இடத்திலும் ஒரு நொடிக்குள் வெட்டலாம். புரொஃபைலை எக்ஸ்போர்ட் செய்து அந்தப் பாடத்தின் கோப்புறையிலேயே வையுங்கள். ஆறு மாதம் கழித்து 20 நொடி சேர்க்க வேண்டி வந்தாலும் அதே அமைப்பு கிடைக்கும். மைக் ஒரு டிராக், கணினி ஒலி ஒரு டிராக் என்று பிரித்துப் பதியுங்கள். ஓபிஎஸ் 24-இலிருந்து பதிவை நிறுத்திவைத்துத் தொடரும் பாஸ் வசதி உண்டு. தடுமாறும்போது அதை அழுத்தினால் பிறகு செருகும் வேலையே குறையும். ரெக்கார்டிங் என்கோடரை ஸ்ட்ரீம் என்கோடரையே பயன்படுத்து என்று விட்டிருந்தால் அந்தப் பொத்தான் வராது, தனி என்கோடர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கைபேசித் திரையைப் பதிந்து சேர்ப்பவர்களுக்கு: அதில் ஃப்ரேம் வேகம் நிலையாக இருக்காது. டைம்லைனில் போடும் முன் ஹேண்ட்பிரேக் என்ற காணொளி மாற்றும் மென்பொருளில் 30 நிலை வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் துண்டின் தொடக்கத்தில் பொருந்தும் பேச்சு முடிவில் விலகும்.

மவுஸ்பாண்டி:
சப்டைட்டில் கோப்பு இருந்தா 7:12-க்கு அப்புறம் வர்ற வரிகளை மட்டும் 40 நொடி தள்ளணும். சப்டைட்டில் எடிட்ங்கிற மென்பொருள்ல அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து நேரத்தை ஒரே தடவையில நகர்த்தலாம். கிராஸ்ஃபேட் நாலு ஃப்ரேம் போட்டு மொத்த நீளத்தைக் குறைச்சிருந்தா 40-ன்னு குத்துமதிப்பா போடாதீங்க, டைம்லைன்ல பின்பாதி உண்மையில எங்க ஆரம்பிக்குதுன்னு பார்த்து வித்தியாசத்தைப் போடுங்க.

வீடியோவை ஏற்கெனவே யூடியூப்ல ஏத்தியிருந்தா அதே இணைப்புல கோப்பை மாத்த முடியாது. அங்க இருக்கிற எடிட்டர்ல வெட்டலாம், நடுவுல புதுசா செருக முடியாது. புதுசா ஏத்திட்டு, பழையதோட விவரத்துலயும் பின் பண்ணின கருத்துலயும் புது இணைப்பைப் போடுங்க. விவரத்துல அத்தியாய நேரங்கள் எழுதியிருந்தா 7:12-க்குப் பிந்தையதெல்லாம் மாறும், அதையும் திருத்திடுங்க.