கைனேஸ்: ‘இயக்கி’ வேண்டாம், ‘பாஸ்பேட்டேற்றி’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

கைனேஸ் (kinase) என்பது ஒரு வகை நொதி, அதாவது உடலில் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள். அதற்குத் தமிழ்ப்பெயராக ‘இயக்கி நொதி’ என்று ஐயா ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். கிரேக்க வேருக்கு அசைவு என்பதே பொருள், அதில் தவறில்லை. இருந்தும் என் மனம் ஒப்பவில்லை.

புரதக் கைனேஸ் செய்வது ஒரே வேலை. செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியின் (ATP) கடைசி பாஸ்பேட்டைக் கழற்றி, வேறொரு புரதத்திலுள்ள செரின், திரியோனின் அல்லது டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மீது ஏற்றுகிறது. ஏறியபின் அந்தப் புரதம் விழித்துக்கொள்ளலாம், அடங்கியும் போகலாம். உடல் சேமித்து வைக்கும் கிளைக்கோஜனை உருவாக்கும் நொதியான கிளைக்கோஜன் சின்தேஸ் மீது பாஸ்பேட் ஏறினால் அதன் வேகம் குறைந்துவிடுகிறது. அடக்குகிற நொதிக்கும் ‘இயக்கி’ என்றே பெயர் வைத்தால் மாணவர்கள் என்ன செய்வார்கள்?

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் தறி நெய்யும் அம்மா ஒருவர், மகனுக்கு வேலூரில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நான்காக மடித்து எடுத்துவந்தார். “கைனேஸ் என்றால் என்ன, சார்?” ஏபிஎல்1 என்ற மரபணு 9ஆம் குரோமோசோமில் இருக்கிறது, அதன் புரதம் தேவையானபோது மட்டும் பாஸ்பேட்டை ஏற்றும் என்றேன். 9, 22 ஆகிய இரு குரோமோசோம்களும் துண்டு மாற்றிக்கொண்டதில் அந்த மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டி, அதன் புரதம் ஓயாமல் பாஸ்பேட்டை ஏற்றத் தொடங்கிவிட்டது; ‘பெருகு, பெருகு’ என்ற குறிப்பு ரத்த செல்லுக்குள் நிற்கவே இல்லை. இந்த ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் இமாடினிப் மாத்திரை, அந்தப் புரதத்தில் ஏடிபி வந்து அமரும் குழியை அடைத்துக்கொள்கிறது.

“அப்படியானால் ஏற்றுவதற்குச் சரக்கே உள்ளே வராது, இல்லையா?” என்றார் அவர்.

‘ஏற்றுவது’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவரே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். ‘இயக்கி’ என்று சொல்லியிருந்தால் இந்தக் கேள்வி பிறந்திருக்காது.

ஆகவே ‘பாஸ்பேட்டேற்றி’ என்கிறேன். ஏறிய பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியான பாஸ்பட்டேஸ் ‘பாஸ்பேட்டிறக்கி’. ஏற்று, இறக்கு இரண்டும் வேலூர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவருக்கும் தெரிந்த சொற்கள்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கே இடிக்கிறது. டைரோசின் கைனேஸை ‘டைரோசின் ஏற்றி’ என்று சுருக்கினால், டைரோசினையே தூக்கி வைப்பதுபோல் ஆகிவிடும். செல்சவ்வில் இருந்து வெளிச் சைகைகளை வாங்கும் ஏற்பிகள் சில கைனேஸாகவும் வேலை செய்கின்றன. அங்கே ‘ஏற்பி’, ‘ஏற்றி’ இரண்டும் பக்கத்தில் வந்தால் கண் தடுமாறும். ‘டைரோசின்மேல் பாஸ்பேட்டேற்றி’ சரியாக இருக்கிறது, ஆனால் நீளம். பொருள் சிதையாமல் இதைச் சுருக்க யாருக்காவது வழி தோன்றினால் எழுதுங்கள்.