ஸ்டீல்ஹெட் ஜிக்கைத் தொண்டைமானாறில் கொடுவாவுக்குப் போடலாமா?

தொண்டைமானாறு_தடி:

கனடாவில இருந்து வந்த பொதிக்குள்ள ஸ்டீல்ஹெட் மீனுக்குப் போடுற ஜிக் இருபது கிடக்கு. எல்லாம் 1/8 அவுன்ஸ். ஈயத் தலை போட்ட கொளுக்கி, பின்னால ரோசாவும் வெள்ளையுமாப் பஞ்சு இறகு. கூடவே நாலு மிதப்பு, அதிலயும் 1/8 எண்டு அடிச்சிருக்கு. என்ர தடி 7 அடி மீடியம், றீல் 3000, 20 இறாத்தல் பின்னல் நூல்.

மாரியில அணைக் கதவு திறந்தாப் பிறகு பாலத்தடியில கொடுவாவுக்கு இதைப் போடலாமா? மிதப்போடயா, மிதப்பில்லாமலா? லீடர், அதுதான் நுனியில ஜிக்கைக் கட்டுற தனி நூல், எத்தனை இறாத்தல்? ஜிக் எண்டா மேலும் கீழும் தட்டுறது எண்டுதான் இங்க சொல்லுகினம். அப்பிடியெண்டா அதுக்கு மிதப்பு எதுக்கு எண்டு விளங்கேல்லை. கனடாவில இதை எப்பிடிப் பாவிக்கினம் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ஒன்ராறியோ_ஆத்தங்கரை:

தம்பி, ஸ்டீல்ஹெட்டுக்கு ஜிக்கைத் தட்டுறேல்லை. எல்லாம் அங்க இருந்துதான் தொடங்குது.

ஸ்டீல்ஹெட் எண்டுறது கடலிலயோ பெரிய ஏரியிலயோ வளர்ந்து, முட்டையிட ஆத்துக்குத் திரும்பி ஏறுற ரெயின்போ ட்ரவுட். சொந்த இடம் பசிபிக் கரை. ஒன்ராறியோ ஏரிக்கு அதைக் கொண்டுவந்து விட்டவை. போட் ஹோப் பக்கம் கனராஸ்கா ஆறு மாதிரி இடங்களில இலையுதிர் காலத்திலயும் வசந்தத்திலயும் ஏறும். அந்த நேரம் தண்ணி 4 பாகையில இருந்து 10 பாகை வரைதான். அந்தக் குளிருக்கு மீன் இரையைக் கலைச்சுக்கொண்டு ஓடாது. அடியோட நிண்டு, ஓட்டத்தில தன்ர மூக்குக்கு நேர வாறதை வாயைத் திறந்து எடுக்கும். அதனால ஜிக் ஓட்டத்தின்ர வேகத்திலயே, அடியில இருந்து ஒரு சாண், ஒண்டரைச் சாண் உயரத்தில போகவேணும். அந்த உயரத்தைப் பிடிச்சு வைக்கத்தான் மிதப்பு. அசைவை இறகு பாத்துக்கொள்ளும். தண்ணி சும்மா தொட்டாலே அந்தப் பஞ்சு மூச்சு விடுற மாதிரி விரிஞ்சு சுருங்கும்.

ஆழத்தைக் குறைச்சுத் தொடங்கி, ஒவ்வொரு வீச்சுக்கும் அரைச் சாண் கூட்டுங்கோ. மிதப்பின்ர தலை ஓட்டம் போற பக்கம் சாய்ஞ்சா ஜிக் அடியில இழுபடுது எண்டு அர்த்தம்; ஒரு சாண் குறைக்கவேணும். தலை மேல்பக்கம், ஓட்டம் வாற திசைக்குச் சாய்ஞ்சா நீங்கள் நூலை இழுத்துப் பிடிக்கிறியள். நேரா நிமிர்ந்து போறதுதான் சரி. தடிக்கும் மிதப்புக்கும் இடையில நூல் வில்லு மாதிரி வளைஞ்சால் அது மிதப்பை முந்தி இழுத்துக்கொண்டு போகும், அப்ப தடியைத் தூக்கி நூலை மேல்பக்கமாத் திருப்பிப் போடுங்கோ. மிதப்பு அமிழ்ந்தாலும், சும்மா ஒருக்காத் தயங்கி நிண்டாலும் கடிதான்.

கனபேர் கவனிக்காத ஒண்டு முடிச்சு. ஜிக் கிடைமட்டமாத் தொங்கவேணும். தலையின்ர மேல்பக்கம் நீட்டிக்கொண்டு நிக்கிற கண்ணில முடிச்சு மேலயும் பின்பக்கமாயும் இறுகி இருந்தால்தான் அது கிடைக்கும். ஒரு மீனோ கல்லோ இழுத்தாப் பிறகு முடிச்சு கண்ணின்ர முன்பக்கம் சறுக்கி, ஜிக் வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிக்கும். ஒவ்வொரு தரமும் விரலால பின்னுக்குத் தள்ளிவிடவேணும். அங்க லீடர் 8, 10 இறாத்தல்தான். உங்கட கொடுவாவுக்கு அது நூலே இல்லை.

உப்பாறு:

மேல அண்ணை சொன்ன மிதப்புக் கணக்கு சரி. ஆனால் அந்த ஜிக்கைக் கொடுவாவுக்குக் கட்டாதேங்கோ. நிறை பிறகு, முதல் பிரச்சினை கொளுக்கி.

8 இறாத்தல் நூலால இழுத்தாலும் குத்தவேணும் எண்டு ஸ்டீல்ஹெட் ஜிக்குக்கு மெல்லிய கம்பியில, சின்ன அளவிலதான் கொளுக்கி போடுவினம். கொடுவா பாய்ஞ்சு தலையை உதறேக்குள்ள 20 இறாத்தல் பின்னல் நூல் கொஞ்சமும் இழுபடாது, முழு அடியும் அந்தக் கம்பியிலதான் விழும். கொளுக்கி நிமிர்ந்து வெறும் ஊசியா வரும். வீட்டிலயே சோதிச்சுப் பாக்கலாம்: கொளுக்கி முனையைப் பலகையில குத்தி, கண்ணில நூல் கட்டி, தொங்கு தராசால 4 கிலோ வரை இழுங்கோ. வாய் விரிஞ்சால் அது கொடுவாவுக்கு ஆகாது. 4/0, 5/0 அளவில, உப்புத் தண்ணிக்கெண்டு செய்த தடிச்ச கொளுக்கி உள்ள ஜிக் தலையும் 3, 4 அங்குல ரப்பர் மீனும் வாங்குங்கோ.

நிறை: கதவு திறந்து தண்ணி பாயேக்குள்ள 1/8 அவுன்ஸ், அதாவது மூண்டரைக் கிராம், அடியைத் தொடாமலே போயிடும். 1/4 இல தொடங்குங்கோ. ஓட்டத்துக்குக் குறுக்க எறிஞ்சு எண்ணுங்கோ. ஒரு ஆள் ஆழத்தில நாலு, அஞ்சு எண்ணுறதுக்குள்ள அடி தட்டுறது கையில தெரியவேணும். தெரியாட்டி 3/8, பிறகு 1/2. வீச்சுக்கு வீச்சு கொழுவினால் ஒரு படி இறங்குங்கோ.

கொடுவா பாய்ச்சலுக்கு நடுவில நிக்காது. தூணுக்குப் பின்னால தண்ணி சுழண்டு அமருற இடம், கரையோரம் நுரை கோடு போட்ட மாதிரி நிக்கிற இடம், வேகத் தண்ணியும் மெதுத் தண்ணியும் உரசுற விளிம்பு, இங்கதான் நிக்கும். திரளிக் குஞ்சும் இறாலும் அடிபட்டு வரேக்குள்ள அதுக்கு வாய் திறந்தாக் காணும். வேகப்பக்கம் எறிஞ்சு, ஜிக்கை விளிம்புக்குள்ள வளைஞ்சு வர விடுங்கோ. பிறகு தடி நுனியை ஒரு முழம் தூக்கி, நூலைத் தளரவிடாமல் இறக்குங்கோ. இறங்கேக்குள்ளதான் கடி, 'டொக்' எண்டு ஒரு தட்டு. நூல் தளர்ந்து கிடந்தால் அந்தத் தட்டு கைக்கு வராது, துப்பிப்போட்டுப் போயிடும். ஆக்கள் கடி இல்லை எண்டு சொல்லுறதில பாதி இதுதான்.

லீடர் 40 இறாத்தல் தங்கூசி, ஒரு மீற்றர். கொடுவாவின்ர பல்லு அரத்தாள் மாதிரி, கம்பி தேவையில்லை. ஆனால் செவிள் மூடியின்ர விளிம்பு சவர அலகு, மெல்லிய நூலை ஒரு திருப்பில வெட்டும். ஜிக்கை வளைய முடிச்சால கட்டினால் தலை தாராளமா ஆடும். மீன் பாயப் பாத்தால் தடியைச் சரிச்சுத் தண்ணியோட பக்கவாட்டில இழுங்கோ.

கதவு திறந்த முதல் நாளில தண்ணி தேயிலைச் சாயம் மாதிரி, குப்பையும் சாதாளைப் புல்லுமா வரும். வீண் வேலை. ஓட்டம் தணிஞ்சு நிறம் தெளியத் தொடங்கின நாளில, பொழுதுபடுற நேரம் போங்கோ.

தொண்டைமானாறு_தடி:

கொளுக்கி விசயம் விளங்கினது, நன்றி அண்ணை. தராசால பாத்தன், 3 கிலோவிலயே விரிஞ்சிட்டுது. அப்ப இந்த இருபதையும் என்ன செய்யலாம்?

பண்ணைக்காத்து:

எறியாதேங்கோ, அதுக்கும் மிதப்புக்கும் நல்ல இடம் யாழ்ப்பாணத்திலயே இருக்கு. பண்ணைப் பாலத்து மதகுகளடி, அராலிப் பக்கம் முழங்காலில இருந்து இடுப்பு வரை தண்ணி உள்ள இடங்கள். அடி முழுக்கச் சாதாளை, மிதப்பில்லாத ஜிக் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கட்டுப் புல்லோட வரும். மிதப்புப் போட்டு, ஜிக் சாதாளைக்கு ஒரு சாண் மேல நிக்கிற மாதிரி ஆழம் வையுங்கோ. எங்கட வத்துப்பெருக்கு ஒரு மீற்றரும் இல்லை, ஆனால் மதகுக்குள்ளால நீர் இழுக்கேக்குள்ள ஆத்தைப்போலத்தான் ஓடும். அந்த ஓட்டத்தில மிதப்பை விட்டு, இடைக்கிடை ஒருக்கா நிறுத்திப் பிடிச்சால் ஜிக் மேல எழும்பும். சின்னப் பாரை அப்பதான் அடிக்கும். லீடர் 12 இறாத்தல் காணும், றீலின்ர இழுவையை இளக்கி வையுங்கோ. கொளுக்கியில இறால் துண்டு கொழுவிறதெண்டா விரல் நகத்தளவு. பெரிசாப் போட்டால் இறகு விரியாது, ஜிக்கும் குத்திட்டு நிக்கும். பேத்தை மீன் வந்து இறகைக் கத்தரிக்கத் தொடங்கினால் இடத்தை மாத்துங்கோ, அது இருபதையும் மொட்டையாக்கிப்போடும். சிறகுவலை கட்டின பக்கம் எறியவே கூடாது. அது ஒரு குடும்பத்தின்ர சாப்பாடு.

வீட்டுக்கு வந்த உடன நல்ல தண்ணியில கழுவி, உதறி, நிழலில காயவிட்டுத்தான் பெட்டிக்குள்ள வைக்கவேணும். அந்தக் கொளுக்கிகள் ஒரு இரவில கறள் பிடிக்கும். ஒண்டு பிடிச்சால் பெட்டி முழுக்கப் பிடிக்கும்.

இறகு போனாலும் பயமில்லை. கோழி இறகின்ர அடியில, தோலை ஒட்டி இருக்கிற பஞ்சுப் பகுதியை எடுங்கோ. தடிச்ச கொளுக்கி உள்ள ஜிக் தலையில தையல் நூலைப் பத்துச் சுத்துச் சுத்தி, இறகின்ர அடியை வைச்சு இறுக்கி, முடிச்சில நகப்பூச்சு ரெண்டு தரம் பூசுங்கோ. இறகு கொளுக்கித் தண்டின்ர நீளத்தில ரெண்டு மடங்குக்கு மேல போனால் மீன் வாலை மட்டும் கடிச்சுக்கொண்டு போகும். அடர்த்தியாவும் கட்டாதேங்கோ, ஜிக் குடை பிடிச்ச மாதிரி மெதுவா இறங்கும்.

ஈயத் தலையை வீட்டில வாக்கிற யோசினை வந்தால்: ஈயம் 327 பாகையில உருகும். மாரிக் குளிரில அச்சில ஈரம் பிடிச்சிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணி இருந்தாலும் உருகின ஈயம் வெடிச்சு முகத்துக்கு வரும். அச்சை அடுப்போரம் வைச்சு நல்லாக் காயவையுங்கோ. வெளியில, புகை உங்களுக்கு வராமல் காத்து வாற பக்கம் நிண்டு, கண்ணாடி போட்டுச் செய்யுங்கோ. அந்தச் சட்டி திரும்பக் குசினிக்குப் போகக்கூடாது.

உப்பாறு:

பண்ணைக்காத்து சொன்ன இடங்களில இறங்கி நிக்கிறதெண்டா ஒண்டு. காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசி உரசி நடவுங்கோ, திருக்கை விலகிப் போகும். குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணிக்குள்ள காலை வைச்சு, முள்ளு உள்ளுக்க இருக்கோ இல்லையோ ஆசுப்பத்திரிக்குப் போகவேணும்.

மற்றது, பாலத்தில நிண்டு கொடுவாவை நூலோட மேல தூக்காதேங்கோ. பாதி உயரத்தில வாய் கிழிஞ்சு விழும். கரைக்கு நடத்திக்கொண்டு போய்க் கைவலையால கோலுங்கோ. செவிளுக்குள்ள விரல் விடாமல், தடிச்ச துணியால கீழ்த்தாடையைப் பிடிச்சுக் குறட்டால கொளுக்கியைக் கழட்டுங்கோ.